அப்பாவின் பட்டாளத்து ரெக்கார்டும் விட்டுப்போன மெடலும்: எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எழுதிய அனுபவங்கள்

குப்பம் பக்கம், சித்தூர் மாவட்டம்

வீட்டில் பட்டாளத்துக்குப் போய்வந்த பெரியவர் இருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆர்டரான பி.பி.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். கூடவே அவர் ஆதாரையும், அம்மாவின் ஆதாரையும் வையுங்கள். நான்கிலும் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர் ஒன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

அப்பா 1967-ல் சேர்ந்தவர், டிரைவர். 1971 போரில் அவருடைய வண்டியோடு வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில், அதாவது தற்காலிகமாக, அனுப்பினார்கள். பீரங்கிக் குண்டுகளை ஏற்றிக்கொண்டு அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் பக்கம் ஜெஸ்ஸோர் ரோட்டில் போனதை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார். ஆனால் அவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல் பகுதியில் இருந்தவை சைன்ய சேவா மெடல், சங்ராம் மெடல், சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடல், 9 ஆண்டு சேவை மெடல், அவ்வளவுதான். பூர்வி ஸ்டார் இல்லை.

விவரம் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், ‘சங்ராம் இருக்கிறதே, 71-க்கு அதுதானே’ என்று எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். இது தவறு. சங்ராம் மெடல் அந்தக் காலகட்டத்தில் எல்லை மாநிலங்களில் பணியில் இருந்த பலருக்கும் கிடைத்தது. கிழக்கு முனைப் போரில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று தனித்தனியாக உண்டு. இரண்டும் ஒருவருக்கே வரலாம், வந்தும் இருக்கிறது.

இந்த மெடலுக்கு மாதா மாதம் பணம் எதுவும் கிடையாது. ‘இத்தனை வருஷம் கழித்து எதற்கு?’ என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. மனிதர் அங்கே போயிருக்கிறார், குண்டு விழுந்த ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார். அவர் சொல்வதைத் தவிர அதற்கு எங்கேயும் எழுத்து இல்லை என்றால், அவர் காலத்துக்குப் பிறகு அது நடக்காததாகவே ஆகிவிடும். பேரப்பிள்ளைகள் நம்பவாவது ஒரு காகிதம் வேண்டாமா?

நாங்கள் செய்தது இதுதான். மெடல் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அப்பாவின் ஷீட் ரோல் நகலைக் கேட்டு எழுதினோம். சிப்பாயின் சேர்க்கை முதல் ஓய்வு வரை எல்லாம் பதிவாகும் ஆவணம் அதுதான். சர்வீஸ் நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, அப்பாவின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், எல்லாம் வைத்து ரிஜிஸ்டர் தபாலில், சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்டோம். அதற்குப் பதில் வந்தது.

வந்த நகலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அட்டாச்மென்ட் போன தேதி, திரும்பிய தேதி இரண்டும் அதில் இருந்தன. 1971 டிசம்பரில் கையில் அடிபட்டு, போர்முனை மருத்துவப் பிரிவான ஃபீல்டு ஆம்புலன்ஸில் சேர்த்த பதிவும் இருந்தது. அதை அப்பாவே மறந்திருந்தார். மெடலுக்குத் தகுதியானவர்கள் பட்டியலை அவருடைய சொந்த யூனிட் தயாரித்தபோது, ‘அவன் அங்கே இருக்கிறான், அவர்கள் போடுவார்கள்’ என்று விட்டிருக்க வேண்டும். அங்கே இருந்தவர்கள், ‘அவன் நம் ஆள் இல்லை’ என்று விட்டிருக்க வேண்டும்.

அதனால் எங்கள் மனுவில் அப்பாவின் நினைவுகளை எழுதவில்லை. உங்கள் ஷீட் ரோலில் இந்தப் பதிவு இந்தத் தேதியில் இருக்கிறது, இந்தத் தேதிகள் போர் நாட்களுக்குள் வருகின்றன, ஆகையால் பூர்வி ஸ்டார் பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதினோம். சித்தூரில் உள்ள, முன்னாள் படைவீரர்களுக்கான சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் வழியாகக் கவரிங் லெட்டரோடு அனுப்பினோம். இங்கிருந்து பலமநேர் வழியாகச் சித்தூர் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனாலும் நேரில் போனது நல்லதாயிற்று. அங்கே இருந்தவர் பட்டாளத்துப் பாஷையில் மனுவைத் திருத்தித் தந்தார். அப்பாவும் அவரும் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் பேசிக்கொண்டார்கள்.

பதிவு திருத்தப்பட்டது என்று கடிதம் வந்தது. மெடல் பிறகு வந்தது. விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் பொறித்திருந்தது.

பெயர் விஷயம் தனிக்கதை. பட்டாளத்தில் சேர்ந்தபோது அப்பா தன் பெயரையும் இனிஷியலையும் சொல்லியிருக்கிறார். இங்கே ரேஷன் கார்டு எழுதியபோது, தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால் வர வேண்டும் என்று தாத்தா பெயரை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்கள். ஆதார் அதைப் பார்த்து எடுத்தது. எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. பென்ஷன், ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறைக்கு மாறியபோது, இந்தப் பெயர் ஒத்துப்போகாமல் வாழ்வுச் சான்று நின்றது. அப்பா பெயரைப் பொறுத்தவரை ஆதாரை டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு ஏற்பத் திருத்தினோம். பட்டாளத்துக் காகிதத்தை மாற்றுவதைவிட அது பல மடங்கு சுலபம். அம்மா பெயரில் பிழை பி.பி.ஓ.விலேயே இருந்தது, அதற்கு மட்டும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினோம். அஃபிடவிட், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, திருமணத்துக்கான ஆதாரம், அம்மாவின் ஆதார் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தோம். திருத்தப்பட்ட பி.பி.ஓ. வந்தது.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அட்டாச்மென்ட் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பா நினைவுதான் வந்தது. அவர் 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப் படையில் இருந்தவர். தமிழ் தெரியும் என்பதற்காக ஒரு வடநாட்டுப் பட்டாலியனுக்கு மொழிபெயர்ப்பாளராக இரவல் கொடுத்துவிட்டார்கள். சோதனைச் சாவடியில் நிற்பதும், ஊர்க்காரர்களிடம் பேசுவதும், அவர்கள் சொல்வதை அதிகாரிக்கு இந்தியில் சொல்வதும்தான் வேலை. தாய்மொழி பேசும் ஜனங்களிடம் துப்பாக்கியோடு நிற்க வேண்டியிருந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்தச் சேவைக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும் அதன் ரிப்பனில் மாட்ட ‘ஸ்ரீலங்கா’ என்று பொறித்த கிளாஸ்ப் என்ற பட்டையும் உண்டு. அப்பாவின் புத்தகத்தில் அது இல்லை. தேடியதில் பழைய தகரப் பெட்டியிலிருந்து மூவ்மெண்ட் ஆர்டர் ஒன்று கிடைத்தது. எங்கிருந்து எங்கே, எந்த யூனிட்டுக்கு, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருந்தது. அதன் நகலைத்தான் மனுவில் வைத்தோம், பலன் கிடைத்தது. ஆகவே வீட்டில் இருக்கும் எந்தத் துண்டுக் காகிதத்தையும் பழையது என்று எரித்துவிடாதீர்கள். லீவு சர்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு, 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலைய விலாசம் எழுதிய கடித உறைகூட எங்கே இருந்தார் என்பதைத் தேட உதவும்.

இன்னொரு தொல்லை எங்கள் ஊருக்கே உரியது. எங்கள் தாலுகா சித்தூர். ஆந்திராவிலும் ஒரு சித்தூர். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். அப்பாவின் விலாசத்தில் மாநிலம் ஆந்திரா என்று ஏறிவிட்டது. நிரந்தர விலாசம் தப்பு என்றால் சரிபார்ப்புக் கடிதமெல்லாம் அங்கே போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பின்கோடு 678-ல் தொடங்கும், அவர்களுடையது 517. எந்தக் கடிதம் எழுதினாலும் தாலுகா சித்தூர், மாவட்டம் பாலக்காடு, மாநிலம் கேரளா, பின்கோடு என்று நான்கையும் சேர்த்து எழுதுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். அந்தச் சித்தூர்க்காரர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

பேரணாம்பட்டு, ஓய்வு பெற்ற ஹவில்தார் கிளர்க்

நான் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் உள்ளே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, ஆஸ்பத்திரி, மெடல் என்று எதுவானாலும் யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டரில் வெளியிட வேண்டும். அந்த ஆர்டரைப் பார்த்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸில் ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். யூனிட் வெளியிடவில்லை என்றால் ரெக்கார்டில் இருக்காது, அங்கே உட்கார்ந்திருப்பவரைத் திட்டிப் பயனில்லை. உங்களிடம் பார்ட் டூ ஆர்டரின் நம்பரும் தேதியும் இருந்தால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது என்று பலர் குழம்புகிறார்கள். வங்கியில் போய் நிற்பதும் கலெக்டரிடம் மனு கொடுப்பதும் இதற்கு உதவாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்ஈ செகந்திராபாத், பீரங்கிப் படை நாசிக் ரோடு. ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படையில் சேர்ந்து அங்கேயும் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சர்வீஸுக்குக் கண்ணூர். விமானப் படைக்கு டில்லி சுப்ரதோ பார்க். ஆபீசர்களுக்கு நடைமுறையே வேறு.

15 ஆண்டு முடிக்காமல் பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்களுடைய சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிட விதி இருக்கிறது. லாங் ரோல் என்ற பேரேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும், அதில் சுருக்கமான விவரம்தான் கிடைக்கும். ‘ரெக்கார்ட் அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல் லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள்.

மனைவியின் பிறந்த தேதியை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. குடும்பப் பென்ஷன் வாங்குகிற அம்மாவுக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85-க்கு 30, 90-க்கு 40 என்று ஏறிக்கொண்டே போகும். பிறந்த தேதியே பதிவில் இல்லை என்றால் எந்தக் கணக்கில் கூட்டுவார்கள்? பழைய பி.பி.ஓ.க்கள் சிலவற்றில் மனைவி பெயரே இருக்காது. கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்துப் போட்டுச் செய்தால் இது சாதாரண வேலை. அவர் போன பிறகு அந்த அம்மா தான்தான் மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், வயிறு எரியும்.

சிப்பாயின் சொந்தப் பிறந்த தேதியை மாற்றக் கேட்டுக் காலத்தைக் கழிக்காதீர்கள். சேர்ந்தபோது எழுதியதை இத்தனை ஆண்டு கழித்து மாற்றுவது மிக மிக அரிது. நியாயமான கோரிக்கை எழுத்தில் மறுக்கப்பட்டால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆந்திராக்காரர்களுக்கும் தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கும் சென்னை அமர்வு, கேரளாக்காரர்களுக்குக் கொச்சி. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு பாக்கிப் பணத்தில் பங்கு கேட்கிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்

எங்கள் தாத்தா 1959-ல் சேர்ந்தார். அப்போது எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியோடு சேர்த்து எங்கள் பகுதி மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர். தாத்தா ரெக்கார்டில் கடைசி வரைக்கும் ஆந்திராவே இருந்தது. ஊர் அதே இடத்தில்தான் இருக்கிறது, காகிதத்தில் மாநிலம் மட்டும் வேறு.

தாத்தா தவறிய பிறகு பாட்டியின் குடும்பப் பென்ஷனுக்குச் சரிபார்ப்பு ஆந்திரா பக்கம் போய், ‘இப்படி ஒரு கிராமம் எங்கள் மாவட்டத்தில் இல்லை’ என்று திரும்பிவிட்டது. தாசில்தாரிடம், இந்தக் கிராமம் எல்லை மாற்றத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது என்று சான்று வாங்கி, எல்லை மாற்றச் சட்டத்தின் பெயரையும் மனுவில் குறிப்பிட்டோம். அது ஆந்திரப் பிரதேசம் மற்றும் மதராஸ் எல்லைகள் மாற்றச் சட்டம், 1959. அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1960-க்கு முன்னால் சேர்ந்தவர்கள் குடும்பம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கும். பாட்டிகள் இருக்கிற வீடுகள் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பம் பக்கம், சித்தூர் மாவட்டம்

ஹவில்தார் ஐயாவுக்கு நன்றி. அம்மாவின் பிறந்த தேதி திருத்தப்பட்ட பி.பி.ஓ.வில் இருக்கிறதா என்று உடனே எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது.

மெடலும் பெயர்த் திருத்தமும் ஒரே மனுவில் கேட்கலாமா என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. மெடல் பார்ப்பது ஒரு செக்‌ஷன், பென்ஷன் பார்ப்பது வேறு செக்‌ஷன். ஒரே கவரில் போனால் ஒன்றை முடித்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள், மற்றது அப்படியே தங்கிவிடும். இரண்டு மனு, இரண்டு கவர், இரண்டு தபால் ரசீது. முதலில் அம்மாவுடையதை அனுப்புங்கள், அடுத்த வாரம் மெடலுக்கு எழுதலாம்.