கோ-5 புல் நிலத்துல மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறிக்கிடக்கு, இனி எருவை என்ன செய்ய?

நாங்குநேரி_புல்வயல்:
வணக்கம். செவல் மண், கிணத்துப் பாசனம், 2 ஏக்கர் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். ஏக்கருக்கு வருஷம் தொழு எரு 10 டன், நாமக்கல் கோழி எரு 4 டன், அதுபோக டிஏபி உரம் 2 மூட்டை போகுது. பச்சையா 60 டன் வரை அறுப்பு. மண் பரிசோதனைச் சீட்டுல பிஎச் (கார அமில அளவு) 8.1, மணிச்சத்து எக்டேருக்கு 68 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, துத்தநாகம் 0.6 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல இத்தனை பங்கு). அறுத்தபிறகு துளிர்க்கிற இளம் இலை வெளிறி வருது. கடையில கேட்டா இன்னொரு மூட்டை டிஏபி போடுங்கன்னு சொல்றாங்க. எருவையே நிறுத்தணுமா?

பொருநைக்கரை:
எருவை நிறுத்த வேண்டாம் அண்ணாச்சி. நிறுத்த வேண்டியது டிஏபியும் கோழி எருவும்.

பயிருக்குக் கிடைக்கிற மணிச்சத்தை மண்ணுல அளக்கிற ஓல்சன் முறையில எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ குறைவு, 22-க்கு மேல அதிகம். உங்களுக்கு 68. சீட்டுல இருக்கிறது கிலோவா பிபிஎம்மா, தனி பாஸ்பரஸா பி2ஓ5 (பாஸ்பரஸ் ஆக்ஸைடு) கணக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க. பிபிஎம்மை 2.24-ஆல பெருக்கினா எக்டேருக்குக் கிலோ. பாஸ்பரஸை 2.29-ஆல பெருக்கினா பி2ஓ5. இந்த ரெண்டையும் குழப்பித்தான் பலபேர் கணக்கு தலைகீழாப் போகுது.

இப்ப ஏக்கர் வரவு பாருங்க, எல்லாம் பி2ஓ5 கணக்கு. தொழு எருவுல 0.2 சதம், 10 டனுக்கு 20 கிலோ. கோழி எருவுல 2.63 சதம், 4 டனுக்கு 105 கிலோ. டிஏபியில 46 சதம், 50 கிலோ மூட்டை ரெண்டுக்கு 46 கிலோ. ஆக 171 கிலோ.

செலவு: 60 டன் பச்சைப்புல்னா உலர் எடை 12 டன். அதுல பாஸ்பரஸ் 0.2 சதம்னு வச்சா 24 கிலோ, பி2ஓ5-ஆ 55 கிலோ. மிச்சம் 116 கிலோ வருஷா வருஷம் மண்ணுலயே தங்குது. தழைச்சத்து மாதிரி இது காத்துல போகாது, தண்ணியோட கீழயும் அவ்வளவா இறங்காது.

புல்லு 3 பங்கு தழைச்சத்துக்கு 1 பங்கு மணிச்சத்துதான் எடுக்கும். கோழி எருவுல ரெண்டும் கிட்டத்தட்ட சமம். தழைச்சத்தை நினைச்சு கோழி எரு கொட்டுனா மணிச்சத்து எகிறாம என்ன செய்யும்?

செவக்காட்டான்:
மணிச்சத்து மண்ணுல கிடந்தா பேங்க்ல போட்ட பணம் மாதிரிதானே? எப்பவாவது பயிர் எடுத்துக்கும். இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?

மண்கண்டம்:
பயிருக்கு நேரடி நஞ்சு இல்ல, உண்மைதான். ஆனா பிஎச் 8-க்கு மேல இருக்கிற மண்ணுல உபரி மணிச்சத்து சுண்ணாம்போட சேர்ந்து கட்டிப்போகும், போட்ட காசு அங்கயே முடங்கும். துத்தநாகம் ஏற்கெனவே பத்தாத நிலத்துல அது பயிருக்குள்ள ஏறுறதையும் கெடுக்கும். நம்ம மாநிலத்துக்குத் துத்தநாக வரம்பு 1.2 பிபிஎம். கேட்டவருக்கு அதுல பாதிதான். மூணாவது, ஐப்பசி கார்த்திகை மழையில மேல்மண்ணோட சேர்ந்து குளத்துக்குப் போச்சுன்னா பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும்.

இலை வெளிறலுக்கு முழுப்பழியையும் மணிச்சத்து மேல போட்டுராதீங்க. இளம் இலையில நரம்பு மட்டும் பச்சையா நின்னு இடையில நுனிவரை மஞ்சள் கோடு ஓடினா இரும்புப் பற்றாக்குறை. கிணத்துத் தண்ணியில பைகார்பனேட் கூடினாலே அது வரும். நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும், இலையோட அடிப்பாதியில அகலமா வெள்ளைப் பட்டை விழுந்தா துத்தநாகம். வெயில் ஏறுறதுக்கு முன்ன ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.

துத்தநாகம்னா அறுத்த கையோட ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், 20 கிலோ மணலோட கலந்து தூவித் தண்ணி பாய்ச்சுங்க. டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோட கலக்கவே கூடாது, ரெண்டும் சேர்ந்து கரையாம உறைஞ்சிரும். அவசரத்துக்கு 10 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து துளிர் முழங்கால் உயரம் வந்ததும் தெளிக்கலாம். இரும்புன்னா 10 லிட்டருக்கு 100 கிராம் பெரஸ் சல்பேட். ரெண்டையும் அறுக்கிற சமயத்துல தெளிக்காதீங்க.

நாங்குநேரி_புல்வயல்:
வெள்ளைப் பட்டைதான். சரி, கோழி எருவை விட்டா தழைச்சத்துக்கு எங்க போக? தொழுவுல சேர்ற சாணியை என்ன செய்ய? சாண எரிவாயுக் கலன்ல விட்டா மணிச்சத்து குறையுமா?

பொருநைக்கரை:
கலன்ல கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வாயுவாப் போகும். உள்ள போன மணிச்சத்து மொத்தமும் கழிவுல அப்படியே இருக்கும், அதுவும் பெரும்பாலும் அடியில நிக்கிற கெட்டியில. அதுதான் நமக்கு வசதி. சாணியில மணிச்சத்து, கோமியத்துல தழைச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்). கோமியத்துல மணிச்சத்து இல்லன்னே சொல்லலாம். அதனால தொழுவைக் கழுவுற தண்ணி, கோமியம், கலன்ல தெளிஞ்ச நீர் இதை எல்லாம் பக்கத்துப் புல் வாய்க்காலுக்கு விடுங்க. கெட்டிச் சாணியை மக்கவச்சு, இதுவரை எரு காணாத தூரத்து உளுந்துக் காட்டுக்கோ மானாவாரிச் சோளத்துக்கோ கொண்டு போங்க. வண்டிக்கூலி பாத்துத் தொழுவுக்குப் பக்கத்து வயல்லயே கொட்டுறதுதான் எல்லா ஊர்லயும் நடக்குது.

புல்லுக்கு ஏக்கருக்கு 5 முதல் 10 டன் தொழு எரு போதும். பி2ஓ5 10 முதல் 20 கிலோதான் சேரும், அறுப்பு எடுக்கிறதுல பாதிகூட இல்ல. ஒவ்வொரு அறுப்புக்கும் 45 கிலோ யூரியா மூட்டை ஒண்ணு, ஈரத்துல போட்டு உடனே தண்ணி. 7 அறுப்புக்கு 145 கிலோ தழைச்சத்து கிடைக்கும். சாம்பல் சத்தைச் சீட்டு பாத்து முடிவு பண்ணுங்க. கோமியம் வீணாப் போற இடத்துல அது குறைஞ்சுகிட்டே வரும். மூணு வரி புல்லுக்கு ஒரு வரி வேலிமசால் (பயறுவகைத் தீவனம்) போட்டா மணிச்சத்து கூடாம தழைச்சத்து வரும்.

இன்னொரு வழியையும் யாரும் பாக்குறதில்ல, அதான் தவிட்டு மூட்டை. கோதுமைத் தவிட்டுல பாஸ்பரஸ் 1 சதம். மாடு ஒண்ணுக்குத் தினம் 3 கிலோன்னா 30 கிராம் உள்ள வருது. 10 லிட்டர் பால்ல வெளிய போறது 10 கிராம்கூட வராது. மீதி சாணியிலதான். தவிடு அவ்வளவு போகுதுன்னா தாது உப்புக் கலவையைக் கைக்கணக்குல அள்ளிப் போடாம அளந்து போடுங்க.

ராதாபுரம்_மேய்ச்சல்:
எனக்கு அறுப்பு கிடையாது. கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்த மேய்ச்சல் காடு. கோடையில வெளியாட்டுக் கிடையும் போடுறேன். இதே கணக்குதானா?

மண்கண்டம்:
வேற கணக்கு. மேய்ச்சல்ல மாடு தின்னது அங்கயே சாணியா விழுது, வெளிய போறது பாலும் எடையும் மட்டும். கிடை ஆடு பகல்ல ஊர்க்காட்டுல மேஞ்சு ராத்திரி உங்க நிலத்துல புழுக்கை போடுது, அது முழுக்க வரவு. அதனால கிடையை வருஷாவருஷம் ஒரே மூலையில அமர்த்தாம நகர்த்துங்க. தண்ணித்தொட்டி, வேப்பமர நிழல், படல் ஓரம் இங்கெல்லாம் மணிச்சத்து குவிஞ்சிருக்கும். மண் மாதிரியில அதைச் சேர்த்தா சீட்டு பொய் சொல்லும். அந்த இடத்தைத் தனி மாதிரியா எடுங்க. மிச்ச நிலத்துல 10, 15 இடத்துல வி வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம்வரை ஒரே கனத்துல சீவி, கலந்து, கால் பங்காக்கிக் கால் பங்காக்கி அரைக்கிலோ எடுத்து நிழல்ல உலர்த்துங்க.

உழாத புல் நிலத்துல மேல 5 செ.மீ.யிலதான் மணிச்சத்து அடைஞ்சு நிக்கும். போன தடவை 15 செ.மீ., இந்தத் தடவை 8 செ.மீ.ன்னு எடுத்தா ஏறுச்சா இறங்குச்சான்னே சொல்ல முடியாது. கோ-5 வச்சிருக்கிறவரும் மறுநடவுக்குக் கரணை எடுக்கும்போது நல்லா ஆழ உழுது கலந்துவிடலாம்.

நாங்குநேரி_புல்வயல்:
புரிஞ்சது. எரு போடுறதுக்கும் மண் எடுக்கிறதுக்கும் எந்த மாசம் தோது?

பொருநைக்கரை:
மண்ணு ஆவணியில, எரு போட்டு மூணு மாசமாவது ஆன பிறகு எடுங்க. எருவைப் புரட்டாசிக்குப் பிறகு மேலாகத் தூவவே வேண்டாம். மழை முடியுறவரை குழியில மூடிவச்சு, தையில அறுத்ததும் வரிக்கு இடையில போட்டு மண் அணைச்சிருங்க. குளத்துக்கோ கால்வாய்க்கோ போற சரிவுப் பக்கம் ஒரு 10 மீட்டர் எரு படாம விட்டு வெட்டிவேர் வச்சா வண்டல் அங்கயே நிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை சோதிச்சா போதும். ஓல்சன் எண் மெதுவாத்தான் இறங்கும், கட்டிக்கிடக்கிறது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வந்துகிட்டே இருக்கும். 22-க்குக் கீழ வரட்டும், அப்புறமா கோழி எருவைப் பத்தி யோசிக்கலாம், அதுவும் ஏக்கருக்கு 1 டன்னுக்கு மேல வேண்டாம்.