பழைய விமான ஆண்டுநூலுக்கு 3,500 ரூபாய் கொடுக்கலாமா?

மீனம்பாக்கம் முரளி:
திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடை ஒன்றில் 1968ஆம் வருடத்து விமான ஆண்டுநூல் (அந்த வருஷத்து விமானங்களின் விவரமும் படமும் தொகுத்த நூல்) கண்ணில் பட்டது. அட்டை கழன்றிருக்கிறது, விலை 3,500 சொல்கிறார். வாங்கலாமா?

கார்த்தி ஏரோ:
வேண்டாம் சார். அந்தக் காலத்து நூல்களில் சோவியத் விமானம் என்றாலே பாதி யூகம்தான். 1967 ஜூலையில் மாஸ்கோ பக்கம் டோமோடெடோவோ விமானக் காட்சியில் பறந்த புது மிக் போர் விமானத்தை, மேற்கத்திய நூல்கள் வருஷக்கணக்கில் மிக்-23 என்றே அச்சிட்டன. அது மிக்-25. 1976 செப்டம்பரில் பெலென்கோ என்ற சோவியத் விமானி அதை ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானில் இறக்கிய பிறகுதான் அதன் உடம்பு பெரும்பாலும் எஃகு என்றே தெரிந்தது. இதெல்லாம் இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. தப்பான தகவலுக்கா இவ்வளவு காசு?

குரோம்பேட்டை கலைவாணி:
தம்பி, அந்தத் தப்புக்காகவே நான் தேடித் தேடி வாங்குகிறேன். அந்த மிக்கைப் பார்த்து அமெரிக்கா மிரண்டதில் அவர்களுடைய எஃப்-15 போர் விமானத்துக்கான தேவைகளே மாறின. அன்றைக்கு என்ன நம்பினார்கள் என்று தெரியாமல் அந்த விமானம் ஏன் அப்படி உருவானது என்று எப்படிப் புரியும்?

நம்ம இந்தியப் போர் விமானம் மாருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் பெங்களூரில் வடிவமைத்தது, 1961 ஜூன் 17இல் முதன்முதலாகப் பறந்தது. இலக்கு மாக் 2, அதாவது ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். நினைத்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் கைக்கு வரவில்லை. சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்தே காலம் தள்ளினார்கள். எகிப்தின் இ-300 எஞ்சினைப் பொருத்திக்கூடப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே “சக்தி போதாத விமானம்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அப்போது எழுதியவருக்கு முடிவு தெரியாது. அந்த வருஷம் அந்த விமானம் எந்த நிலையில் நின்றதோ அதுதான் பக்கத்தில் இருக்கும். அடுத்தடுத்த வருஷத்து நூல்களை அருகருகே விரித்துப் பார்த்தால்தான் இந்த அருமை தெரியும்.

கார்த்தி ஏரோ:
படிப்பதற்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறதே மேடம். சொந்தமாக வாங்கி நம்ம ஊர் ஈரத்தில் எப்படிக் காப்பாற்றுவது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சாதாரணத் தாள் புத்தகங்கள் காய்ந்து தேறின. பளபளப்புத் தாளில் அச்சிட்டவை ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. பிரித்தால் படம் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஸ்கேன் கோப்புக்கு அந்த ஆபத்து இல்லை.

பெரம்பூர் மாடலர்:
ஸ்கேனை நம்பி நான் பட்டது போதும் கார்த்தி. நாட் என்ற குட்டிப் போர் விமானத்தின் இறக்கை விரிவே 22 அடிதான். 72இல் ஒரு பங்கு அளவான 1/72 மாடலில் சுமார் 9.3 சென்டிமீட்டர். பிரதிக்குப் பிரதி எடுத்த கோப்பில் நீளம் ஒரு அளவிலும் அகலம் ஒரு அளவிலும் இழுபட்டிருக்கும். 2 மில்லிமீட்டர் பிசகினாலே மூக்கு கோணிவிடும். அச்சு நூலில் மூன்று பக்க வரைபடத்தின் (முன், பக்கவாட்டு, மேல் தோற்றங்கள்) மேல் நேராக ஸ்கேலை வைக்கலாம். நாட் விமானத்தில் சக்கரக் கதவுகளே பறக்கும்போது வேகத்தடையாகவும் வேலை செய்யும். அவை எந்தக் கோணத்தில் இறங்கும் என்பது ஒரு மெல்லிய புள்ளிக்கோடு. என்னிடம் இருக்கும் ஸ்கேனில் அந்தக் கோடே அழிந்துவிட்டது.

கார்த்தி ஏரோ:
மாடல் செய்பவர்களுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். வெறுமனே படிப்பதற்கு 3,500 அதிகம் என்பதில் மாற்றமில்லை.

குரோம்பேட்டை கலைவாணி:
முரளி சார், காசு கொடுக்கும் முன் நடுப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். நல்ல படங்களை பிளேடால் வெட்டி எடுத்திருப்பார்கள். தையலோரம் விரலை ஓட்டினால் தெரிந்துவிடும். முழுசாக இருந்தால் 2,500இலிருந்து பேச ஆரம்பியுங்கள்.