நாலு காசும் வங்கியின் ‘கேஷும்’

தக்கலைக்காரன்: பாட்டியின் சுருக்குப்பையில் திருவிதாங்கூர்ச் செம்பு நாணயம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் ‘ஃபோர் கேஷ்’ என்று பொறித்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வங்கியில் எழுதி வைத்திருக்கும் ‘கேஷ்’ நம் காசுதான்.

நாகர்கோவில் டீச்சர்: நாணயம் மெய், தம்பி, முடிவுதான் தப்பு. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. உங்கள் கையில் இருப்பது நம் காசு. போர்த்துக்கீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. சீனர்களின் சதுர ஓட்டை நாணயத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வங்கியில் இருப்பதோ பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல். லத்தீன் ‘காப்சா’ அதன் வேர். முதலில் பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருந்த பணம். கேஷியர் அந்தப் பெட்டியைக் காத்தவர்.

தக்கலைக்காரன்: ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிவிட்டார். அப்போது உங்கள் பிரெஞ்சுப் பெட்டி எங்கே இருந்தது?

நாகர்கோவில் டீச்சர்: காசு பழையது என்பதற்குத்தான் அது சாட்சி, லண்டனுக்குப் போனதற்கு அல்ல. 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’யிலேயே கடனைக் ‘கேஷ்’ ஆகத் தருவதாக ஒருவன் சொல்கிறான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31 அன்றுதான்.

குளச்சல் வாசகன்: டீச்சர், அந்த வாதம் நிற்காது. கம்பெனிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். சொல் அவர்கள் வழியாகவும் போயிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி, நீங்களும் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பணப்பெட்டியையும் குறித்ததே, தமிழில் காசுக்குப் பெட்டி என்ற பொருள் என்றைக்கு இருந்தது?

நாகர்கோவில் டீச்சர்: சாசனக் கணக்கை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது சரி. பெட்டிக் கேள்விதான் உறுதியானது. இதில் வேடிக்கை என்னவென்றால், போர்த்துக்கீசிய மொழியில் ‘காய்ஷா’ என்றாலே பெட்டி! நம் காசை அவர்கள் தங்கள் பெட்டியின் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தக்கலைக்காரன்: சரி, வங்கியை விட்டுக்கொடுக்கிறேன், சீன நாணயத்தின் பெயர் நம் காசுதான் என்பதை விடமாட்டேன். திருவிதாங்கூர் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று பாட்டி கணக்குச் சொல்வார். அப்படியென்றால் என்னிடம் இருப்பது கால் சக்கரம்.