மறு: சாஃப்புக்கு தமிழ்ல என்ன? 'பதர்'னே வெச்சுக்கலாமே

ஐயா வணக்கம். எதிரி ரேடாரை ஏமாத்த விமானத்துல இருந்து தூவுற உலோகம் பூசின மெல்லிசு பட்டைங்கதான் சாஃப் (chaff), அதுக்குத் தமிழ்ப் பேரா நீங்க 'ரேடார் குழப்பி'ன்னு போட்டிருந்தீங்க, அதுக்குக் கீழ இன்னொருத்தர் 'உலோகத்துகள்'னு சொல்லியிருந்தார், ரெண்டுமே எனக்கு ஒட்டல.

குழப்பின்னா ஜாமரும் அதுக்குள்ள வந்துடும். ஜாமர் தானா அலை அனுப்பி எதிரி ரேடார் காதுல கத்துற கேஸு. சாஃப் எதையும் அனுப்பாது, வர்ற அலையத் திருப்பி விடும், அவ்ளோதான். துகளும் சரியில்ல, ஏன்னா இதுல நீளம்தான் விஷயமே. அலைநீளத்துல பாதி இருந்தா ஜரிகை மாதிரி ஒரு துண்டு கூட ரேடார்ல பளிச்சுனு தெரியும். 1943 ஜூலை 24 ராத்திரி ஜெர்மனியோட ஹாம்பர்க் நகரம் மேல பிரிட்டிஷ்காரங்க போட்டது அப்படித்தான், ஜெர்மன் வூர்ட்ஸ்பர்க் ரேடாரோட அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர்ங்கிறதால 27 சென்டிமீட்டருக்கு வெட்டி அலுமினியத்தாள் ஒட்டுன காகிதப் பட்டை, நிமிஷத்துக்கு ஒரு கட்டுன்னு விமானத்துல இருந்து கையாலயே தள்ளி விட்டாங்க. 791 விமானம் போனதுல 12தான் திரும்பல. (கூத்து என்னன்னா ரெண்டு பக்கத்துக்கும் இந்த வித்தை முன்னாடியே தெரியும், எதிரி காப்பியடிச்சிடுவானேன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தாங்க!)

என் ஓட்டு பதருக்கு. இங்கிலீஷ்லயும் 'சாஃப்'ங்கிற வார்த்தைய கதிரடிக்கிற களத்துல இருந்துதான் எடுத்திருக்காங்க. உமின்னு வெக்கலாமேன்னா, உமி மில்லுல அரைக்கும்போது வர்றது, காத்துல பறக்குறது பதர்தான். எங்க பாட்டி முறத்தைத் தலைக்கு மேல தூக்கிச் சாய்ச்சா மணி காலடியில கொட்டும், பதர் பத்தடி தள்ளி நிக்குற எங்க மூஞ்சில வந்து அப்பும். சாஃப்பும் வெளிய வந்த கொஞ்ச நேரத்துல வேகம் செத்து காத்தோட மிதக்க ஆரம்பிச்சிடும், டாப்ளர் பாக்குற ரேடார், அதாவது ஒண்ணு தன்னை நோக்கி வர்ற வேகத்தையும் அளக்குற ரேடார், அத வெச்சே மணி (விமானம்) எது பதர் எதுன்னு பிரிச்சிடும். அதனாலதான் பைலட் பதரை வெளிய தூவிட்டு ரேடாருக்குக் குறுக்கால திரும்புறது, அப்போ ரேடாரை நோக்கி வர்ற வேகம் கிட்டத்தட்ட சைபர், மணியே பதர் வேஷம் போட்ட மாதிரி.

விமானத்துல இத வெளிய தள்ளுற பெட்டிக்கு 'பதர்தூற்றி'ன்னு வெக்க ஆசைதான், ஆனா யாரையோ திட்டுற மாதிரி கேக்குது. 'பதர்வீசி' போதும்னு தோணுது. ஜாமருக்கு தனி இழை ஆரம்பிங்க ஐயா, அதையும் இதுலயே போட்டா கலந்துடும்.