பயங்கரவாதிகள் கையில் அணுகுண்டு போகாமல் தடுக்க முதலில் எதைப் பூட்டுவது?

பனைநிழல்:
குண்டுக்குத் தேவையான பொருளைத்தான். ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் சுமார் 64 கிலோ செறிவூட்டிய யுரேனியம் இருந்தது, அதாவது வெடிக்க உதவும் யுரேனியம்-235 என்ற வகையின் பங்கைக் கூட்டிய யுரேனியம். அதைத் தயாரிக்க ஓர் அரசாங்கத்தின் பலம் வேண்டும். திருடுவதற்கு அவ்வளவு வேண்டாம். எனவே கையிருப்பைக் குறைப்பதும் மிச்சத்தைக் காவல் காப்பதும்தான் முதல் வேலை.

தென்றல்வழி:
பயத்தை ஊதிப் பெரிதாக்குகிறீர்கள். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவிடம் பணமும் இருந்தது, விஞ்ஞானிகளும் இருந்தார்கள். யுரேனியத்துக்காக ஆஸ்திரேலியாவில் நிலம்கூட வாங்கினார்கள். கடைசியில் 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விட்டது சாரின் என்ற நச்சு வாயுவைத்தான்.

பனைநிழல்:
பொருள் கிடைக்காததால்தானே அங்கே நின்றார்கள்? கிடைத்திருந்தால்? சோவியத் யூனியன் உடைந்தபின் கஜகஸ்தானின் உல்பா ஆலையில் சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியம் இருந்தது. 1994இல் கஜகஸ்தான் சம்மதத்தோடு அமெரிக்கா அதை விமானத்தில் ஏற்றிச் சென்றது. ஒரு குண்டுக்கு 25 கிலோ யுரேனியம்-235 என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

செங்காந்தள்:
இருவரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். சாவி வைத்திருப்பவர்? பாகிஸ்தானின் அப்துல் காதிர் கான் வேலி தாண்டி வந்த திருடர் அல்ல, அந்நாட்டு அணுத் திட்டத்தின் நாயகர். செறிவூட்டும் தொழில்நுட்பம் லிபியா, ஈரான், வட கொரியா வரை அவர் வழியாகப் போனது. காவலின் லட்சணமும் தெரிந்ததுதான்: 2012இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆயுத ஆலையில் 82 வயதுக் கன்னியாஸ்திரி உட்பட அமைதிப் போராளிகள் மூவர் வேலிகளை வெட்டிக்கொண்டு யுரேனியக் கிடங்கின் சுவர் வரை போய்விட்டார்கள். அவர்கள் ஆயுதத்தோடு வந்திருந்தால் என்ற நினைப்பே எனக்கு நடுக்கம் தருகிறது.

தென்றல்வழி:
ஓக் ரிட்ஜ் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் கதிர்வீச்சுப் பொருள்களை யார் காக்கிறார்கள்? 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காக எடுத்துப் பிரித்தார்கள். உள்ளிருந்த சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் பரவி 4 பேர் செத்தார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம்கூட இல்லை. கெட்ட எண்ணத்தோடு எடுத்தால்? முதலில் பூட்ட வேண்டியது அந்தப் பொருள்களைத்தான், என் ஓட்டு அதற்கே.

பனைநிழல்:
அது நடக்க வாய்ப்பு அதிகம், சரி. ஆனால் அதனால் ஒரு தெருவை மூட வேண்டிவரும், குண்டு வெடித்தால் ஊரே இருக்காது. தவிர, செறிவூட்டிய யுரேனியம் இருக்கும் இடங்களை எண்ணிவிடலாம், ஒவ்வொன்றாகக் காலியும் செய்யலாம். 2010இல் தொடங்கிய அணுப் பாதுகாப்பு உச்சி மாநாடுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. 2016இல் நான்காவது மாநாட்டோடு நிறுத்திவிட்டார்கள். என் கோபமெல்லாம் அதில்தான்.

செங்காந்தள்:
அந்த மாநாடுகள் பேசியது பெரும்பாலும் ஆராய்ச்சி உலைகள் போன்ற சிவில் கையிருப்பைப் பற்றி. பெரும்பங்கு ராணுவங்களிடம் அல்லவா இருக்கிறது? அதை யார் எண்ணுவது?