காதுல ரத்தம் வந்துச்சு, பூண்டு எண்ணெய் விடலாமா?

செந்தூல்_அம்மா:
வணக்கம், கொஞ்சம் அவசரம். வீட்டுக்காரர் காட்டன் பட் வெச்சு காது குடைஞ்சிட்டு இருந்தாரு, சின்னவன் ஓடி வந்து கைமுட்டில இடிச்சிட்டான், அப்படியே உள்ள குத்திருச்சு. பட்டுனு சத்தம் கேட்டுச்சாம், ரெண்டு மூணு சொட்டு ரத்தம் வந்து நின்னுடுச்சு, இப்ப காது அடைச்ச மாதிரி இருக்குன்றாரு. மாமியார் பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிட்டு நிக்கிறாங்க. விடலாமா?

நைட்ஷிப்ட்_அக்கா:
முதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லுங்கமா. காதுக்குள்ள இருக்குற சவ்வு கிழிஞ்சிருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போயிரும், அப்புறம் சீழ் பிடிக்கும். தண்ணி, வீட்ல கிடக்குற பழைய டிராப்ஸ் எதுவுமே வேணாம், ஓட்டை இருக்குற காதுல சில டிராப்ஸ் போனா கேட்கிற சக்தியவே கெடுத்துரும். உள்ள எதையும் திணிக்காம வெளிய மட்டும் சுத்தமான துணி வெச்சு, அந்தக் காது கீழ வர்ற மாதிரி சாஞ்சு படுக்கட்டும். மூக்க பலமா சிந்தக் கூடாது. தலை சுத்தல், வாந்தி, முகம் ஒரு பக்கமா கோணுறது, காதே கேட்கலங்கிறது இதுல ஏதாச்சும் இருந்தா இப்பவே எமர்ஜென்சி போங்க. இல்லன்னா காலைல முதல் வேலையா கிளினிக்.

ஜெலுத்தோங்_மோட்டார்:
எங்கப்பா காதுல கரப்பான் பூந்தப்ப எண்ணெய் விட்டுதானே எடுத்தோம் அக்கா, ஒண்ணும் ஆகலயே

நைட்ஷிப்ட்_அக்கா:
அது வேற கதை தம்பி. சவ்வு நல்லா இருந்தா, உள்ள துடிக்கிற பூச்சிய எண்ணெய் விட்டு சாகடிக்கலாம். ரத்தம் வந்த காதுக்கு அது ஆகாது. மோட்டார்னு பேர் வெச்சிருக்கீங்க, பைக் ஓட்டுவீங்க போல, அதனால சொல்றேன், விழுந்து தலைல அடிபட்டவங்க காதுல ரத்தமோ தண்ணி மாதிரியோ வந்தா அடைக்கவே கூடாது, மூளைய சுத்தி இருக்குற தண்ணியா இருக்கலாம். கழுத்த அசைக்காம 999 (மலேசியா அவசர நம்பர்) கூப்பிடணும்.

செந்தூல்_அம்மா:
போயிட்டு வந்துட்டோம் அக்கா, ரொம்ப நன்றி. டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தாரு, சவ்வுல சின்ன ஓட்டையாம், பெரும்பாலும் தானா மூடிருமாம், சில வாரம் ஆகும், சிலருக்கு 2, 3 மாசம் கூட இழுக்குமாம். குளிக்கறப்ப பஞ்சுல வேஸ்லின் தடவி காது வாசல்ல வெக்கணும், நீச்சல் கிடையாது. ஸ்கூல் லீவுக்கு போர்ட் டிக்சன் பீச்ல ரூம் புக் பண்ணியாச்சு, இவரு கரையில உக்காந்து பை பாத்துக்க வேண்டியதுதான். மாமியார் மட்டும் இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சிட்டு இருக்காங்க.