பாகுலா: மறுதொடக்கத்துக்குப் பின் டேப் டிரைவ்கள் இடம் மாறித் தெரிகின்றன, தானாகக் கண்டறிய வழி உண்டா?

இரவுப்பணி (கேள்வி):

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் டேப்புகளை வைக்கும் 24 ஸ்லாட்டுகளும், அவற்றைப் படித்தெழுதும் இரண்டு எல்டிஓ-7 டிரைவ்களும், டேப்பை இடம்மாற்றும் ரோபோவும் (சேஞ்சர்) கொண்ட டேப் லைப்ரரி ஒன்று எஸ்ஏஎஸ் கேபிள்கள் மூலம் லினக்ஸ் சர்வர் ஒன்றுடன் இணைக்கப்பட்டுள்ளது. பேக்கப் மென்பொருளான பாகுலாவில், டேப்புகளைக் கையாளும் ஸ்டோரேஜ் டீமன் அந்தச் சர்வரிலும் வேலைகளை ஆணையிடும் டைரக்டர் வேறொரு கணினியிலும் இயங்குகின்றன. ஓராண்டுக்கு மேலாக எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

சென்ற வாரம் யுபிஎஸ் தாங்க முடியாத அளவுக்கு நீண்ட மின்தடை ஏற்பட்டது. மின்சாரம் வந்து எல்லாம் மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகு, சனிக்கிழமை இரவின் முழு பேக்கப் நின்றுபோனது. ரோபோ 3-ஆம் ஸ்லாட்டிலிருந்து டேப்பை எடுத்து 0-ஆம் டிரைவில் வைத்துவிட்டது. ஆனால் டீமன் ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு டிரைவ் தயாராக இல்லை என்று கூறிக் கைவிட்டது. சர்வர் அறைக்குச் சென்று பார்த்தபோது டேப் டிரைவுக்குள்தான் இருந்தது, அதன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ (lsscsi) கட்டளை இரண்டு டிரைவ்களையும் சேஞ்சரையும் குறையின்றிக் காட்டுகிறது.

நெட்பேக்கப் போன்ற மென்பொருள்களில் சாதனங்களைத் தேடிப் பதிவுசெய்யும் வழிகாட்டி இருப்பதை அறிவேன். பாகுலாவில் அதற்கு இணையான வசதி உண்டா? இல்லையெனில், ஒவ்வொரு மறுதொடக்கத்துக்குப் பின்னும் பாகுலாவின் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டுமா?

நாடாக்காரர்:

வணக்கம். அத்தகைய தேடல் பாகுலாவில் இல்லை. டைரக்டர் சாதனங்களைப் பார்ப்பதே கிடையாது. அது 9103-ஆம் போர்ட்டில் ஸ்டோரேஜ் டீமனை அழைத்து, தன் கோப்பிலுள்ள சாதனப் பெயரையும் டேப்பின் வகையைக் குறிக்கும் மீடியா டைப்பையும் சொல்கிறது. அவை டீமனின் கோப்பில் எழுதப்பட்டிருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். டீமனும் தன் பங்குக்கு, ஆர்க்கைவ் டிவைஸ் என்ற இடத்தில் நீங்கள் எழுதிய பாதையைத் திறக்கிறதே ஒழிய, அந்தப் பாதையின் மறுமுனையில் எந்த டிரைவ் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

உங்கள் கோப்பில் லினக்ஸ் டேப் டிரைவ்களுக்குத் தரும் என்எஸ்டி0 (nst0), என்எஸ்டி1 என்ற பெயர்களை எழுதியிருப்பீர்கள் என ஊகிக்கிறேன். அந்த எண்கள் டிரைவ்களுக்குச் சொந்தமானவை அல்ல. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எதை முதலில் கண்டதோ அதற்கு 0, அடுத்ததற்கு 1, அவ்வளவுதான். லைப்ரரி உயிர்பெற்று டேப்புகளைக் கணக்கெடுத்து முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். மின்தடைக்குப் பின் சர்வர் முந்திக்கொண்டு, ஒரு டிரைவ் மற்றதைவிடத் தாமதமாகப் பதிலளித்திருந்தால் வரிசை புரண்டிருக்கும். ரோபோவின் எண்ணிக்கையோ வேறு கணக்கு: டிரைவ் இண்டெக்ஸ் 0 என்றால் லைப்ரரியின் பார்வையில் முதல் டிரைவ். இந்த இரண்டு கணக்குகளும் ஓராண்டாக ஒத்துப்போனது தற்செயல். இப்போது ரோபோ ஒரு டிரைவில் டேப்பை வைக்க, டீமன் காலியாக உள்ள மற்ற டிரைவின் வாசலில் காத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் என்பது அதற்கென விதிக்கப்பட்டுள்ள 300 வினாடி வரம்பு.

இதைக் கண்ணால் உறுதிசெய்துகொள்ளலாம். முதலில் டீமனை நிறுத்துங்கள். அது டிரைவைத் திறந்து வைத்திருக்கும்போது மற்றக் கட்டளைகள் நுழைய முடியாது. பிறகு ரோபோவை இயக்கும் எம்டிஎக்ஸ் (mtx) கட்டளையால் 3-ஆம் ஸ்லாட்டின் டேப்பை 0-ஆம் டிரைவில் ஏற்றி, டிரைவின் நிலையைக் காட்டும் எம்டி ஸ்டேட்டஸ் (mt status) கட்டளையை என்எஸ்டி0, என்எஸ்டி1 இரண்டின் மீதும் தனித்தனியே இயக்குங்கள். ஒன்றில் ஆன்லைன், பிஓடி (டேப்பின் தொடக்கம்) என்றும் மற்றதில் டிஆர் ஓப்பன் (டேப் இல்லை) என்றும் வரும். முன்னது காட்டும் டிரைவே ரோபோவின் 0. சாதனத்தின் அடையாளத்தைக் கேட்கும் எஸ்ஜி இன்க் (sg_inq) கட்டளையால் அதன் வரிசை எண்ணைக் (சீரியல் நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கோப்பில் டெவ் அடைவின் கீழுள்ள டேப், அதற்குள் பை-ஐடி என்ற அடைவிலிருந்து (/dev/tape/by-id) பெயரை எடுத்து எழுதுங்கள். லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் யுடெவ் அங்கே வரிசை எண்ணைக் கொண்டே பெயர் சூட்டுவதால் மறுதொடக்கத்தில் அது மாறாது. ஒவ்வொரு டிரைவுக்கும் அங்கே இரண்டு பெயர்கள் இருக்கும்; இறுதியில் என்எஸ்டி என்று முடிவதையே எடுக்க வேண்டும். மற்றது, சாதனத்தை மூடும்போதெல்லாம் டேப்பைத் தொடக்கத்துக்கே சுற்றிவிடும் வகை. சேஞ்சருக்கும் கெர்னல் தரும் எஸ்ஜி எண்ணை எழுதாமல் இதே அடைவிலுள்ள பெயரைப் பயன்படுத்துங்கள்.

கேபிள்வழி:

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடே, ஒன்றைத் தவிர. வரிசை எண்ணைக் கொண்டு பிணைத்தால், டிரைவ் பழுதாகி மாற்றப்படும் அன்று கோப்பையும் மாற்றியாக வேண்டும். ஆகவே பை-ஐடிக்கு அருகேயுள்ள பை-பாத் (by-path) அடைவிலுள்ள பெயரைப் பயன்படுத்துவதையே நான் விரும்புவேன். அது டிரைவின் அடையாளத்தைச் சாராமல் இணைப்பின் இடத்தைச் சார்ந்தது. சில லைப்ரரிகள் டிரைவின் சொந்த எண்ணுக்குப் பதிலாக அது அமர்ந்திருக்கும் இடத்துக்குரிய எண்ணைத் தருகின்றன. உங்களுடையது அந்த வகையானால் இந்த விவாதமே தேவையில்லை.

எஸ்ஏஎஸ்ஸுக்குப் பதிலாக ஃபைபர் சேனலில் இணைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே டிரைவ் இரண்டு போர்ட்டுகள் வழியாகத் தெரிந்தால் இரண்டு டிரைவ்கள் நான்காகக் காட்சி தரும். வரிசை எண் ஒன்றே என்பதால் பை-ஐடி பெயருக்கு இரண்டு சாதனங்கள் போட்டியிடும், எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எது எதைப் பார்க்கலாம் என்று வகுக்கும் ஸோனிங்கில் ஒரு டிரைவுக்கு ஒரு பாதை என்று வரையறுத்துவிடுவதே நிம்மதி.

நாடாக்காரர்:

கேபிள்வழி அவர்களுக்கு: டிரைவை மாற்றும் நாளில் யாரோ ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார், ஒரு வரியைத் திருத்துவது அவருக்குப் பாரமாகாது. ஆனால் சர்வர் அறையைச் சுத்தம் செய்யும்போது இரண்டு கேபிள்கள் இடம் மாறிச் செருகப்பட்டால் பை-பாத் வாய் திறக்காது. நான் வரிசை எண்ணின் பக்கமே நிற்கிறேன்.

இரவுப்பணி அவர்கள் குறிப்பிட்ட வழிகாட்டியைப் பற்றியும் ஒரு சொல். அதுவும் இந்த வரிசை எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. இச்சாதனங்கள் பேசும் ஸ்கசி (எஸ்சிஎஸ்ஐ) நெறிமுறையில் ரீட் எலிமெண்ட் ஸ்டேட்டஸ் என்ற கட்டளை உண்டு. அதன் மூலம் எந்த இடத்தில் எந்த எண்ணுடைய டிரைவ் இருக்கிறது என்று ரோபோவிடமே கேட்கலாம். அந்தப் பட்டியலையும் ஒவ்வொரு டிரைவும் இன்கொயரி என்ற அடையாளக் கேள்விக்குத் தரும் பதிலையும் ஒப்பிட்டால் பொருத்தம் தானாகக் கிடைத்துவிடும். பாகுலாவுடன் வரும் எம்டிஎக்ஸ்-சேஞ்சர் என்ற சிறு நிரல் அந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை என்பதால், அதை நாம் ஒரு முறை கையால் செய்து எழுதிவைக்கிறோம்.

இரவுப்பணி:

இருவருக்கும் நன்றி. இன்று மாலை சோதித்தேன். நீங்கள் ஊகித்தபடியே, 3-ஆம் ஸ்லாட்டின் டேப்பை 0-ஆம் டிரைவில் ஏற்றியதும் ஆன்லைன் என்று காட்டியது என்எஸ்டி1. என்எஸ்டி0 டிஆர் ஓப்பன் என்றது. இரண்டு டிரைவ்களையும் பை-ஐடி பெயர்களால் எழுதி, சர்வரை இரண்டு முறை மறுதொடக்கம் செய்து பார்த்தேன். இரண்டாவது முறை வேண்டுமென்றே லைப்ரரியைச் சர்வருக்குப் பின் இயக்கினேன். அப்போது டிரைவ்கள் தெரியவே இல்லை. எஸ்சிஎஸ்ஐ ஹோஸ்ட்டின் ஸ்கேன் கோப்பில் மூன்று கோடுகளை (- - -) எழுதி மறுதேடலைத் தூண்டிய பிறகே அவை வந்தன, ஆனால் சரியான பெயர்களோடு வந்தன.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்துகிறது. அந்தச் சனிக்கிழமை மற்ற டிரைவில் வேறு டேப் இருந்திருந்தால், அதன் மேலேயே எழுதியிருக்குமா?

நாடாக்காரர்:

எழுதியிருக்காது. எழுதத் தொடங்கும் முன் பாகுலா டேப்பின் தொடக்கத்திலுள்ள தன் லேபிளை வாசித்து, தான் கேட்ட டேப்தானா (பாகுலாவின் சொல்லில் வால்யூம்) என்று சரிபார்க்கும். பெயர் வேறாக இருந்தால் மறுத்துவிடும். வெற்று டேப் ஒன்றை வைத்து, பாகுலாவின் சோதனை நிரலான பிடேப்பில் (btape) ஆட்டோ என்ற சோதனையையும் இயக்கிவிடுங்கள். ரோபோவும் டிரைவும் ஒரே டேப்பைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும்.

இரவுப்பணி:

இயக்கினேன், தேறிவிட்டது. ஆனால் அதற்கு முன் கோப்பை மீண்டும் படித்தபோது, இரண்டாவது டிரைவுக்கு என்எஸ்டி என்று முடியாத பெயரை ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. அதையும் திருத்திவிட்டேன்.